கீறி வைத்த கண்ணாடி

நாச்சிமுத்து மஞ்சள் கண்ணாடித் துண்டைச் சன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். அப்படிப் பிடிக்கும்படி யாரும் சொல்லவில்லை. முப்பத்து நாலு வருஷம் எக்ஸ்ரே அறையில் உழைத்த கை அது; தட்டையாக எது அகப்பட்டாலும் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிவிடும், கல்யாணப் பத்திரிகை ஆனாலும் சரி, கரண்ட் பில் ஆனாலும் சரி. "அதுல எலும்பு ஒண்ணும் தெரியாதுங்ப்பா," என்று பக்கத்து ஸ்டூலில் இருந்த மகள் வினோதினி சிரித்தாள். அவரும் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் பீரோ ஞாபகம் வந்துவிட்டது. வருகிற வழியில் சிக்னலில் கார் நின்றபோது, பின்னால் வருவதைப் பார்க்கிற கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்துகொண்டே இவள் சொன்னாள்: "மத்தியானம் சாப்பிட்டுட்டு அம்மா பீரோவ ஒழிச்சுரலாங்ப்பா. பெயிண்ட் அடிக்கறவங்க செவ்வாக்கிழமை வந்துருவாங்க. நான் பாத்துக்கறேன், நீங்க சும்மா உக்காந்திருந்தாப் போதும்." சரி கண்ணு என்று சொல்லிவிட்டார். வேறு என்ன சொல்வது? பீரோவின் கீழ்த்தட்டில், தெய்வானையின் முகூர்த்தப் பட்டுக்கு அடியில், விரித்த செய்தித்தாளுக்கும் அடியில், ஒரு பழுப்பு உறை இருக்கிறது. உறைக்குள் ஒரே ஒரு எக்ஸ்ரே படம். அவர் பெண்டாட்டி தெய்வானையின் நெஞ்சுப் படம். மூலையில் பெயர், வயது, தேதி மூன்றையும் மெஷினே அச்சடித்து வைத்திருக்கிறது. அந்தத் தேதியிலிருந்து வினோதினியின் கல்யாணத் தேதிக்கு முப்பத்தெட்டு நாள். மகளுக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டாவது படம்தான், கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் எடுத்தது. முதல் படத்தில் என்ன இருந்தது என்று நாச்சிமுத்துவைத் தவிர ஒரு ஜீவனுக்கும் தெரியாது. தெய்வானைக்கே தெரியாது, அவள் போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகப்போகிறது. மகள் தேதியைக் கவனிக்காமல் விட்டுவிடுவாள் என்று ஒரு நப்பாசை. தயிர் பாக்கெட்டைக்கூடத் திருப்பித் தேதி பார்க்காமல் வாங்காதவள் இவள்.

இது மூன்றாவது ஞாயிறு. கோயம்புத்தூரில், சாய்பாபா காலனியில் ஒரு வீட்டு மாடியில், பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை வண்ணக் கண்ணாடி வேலை சொல்லித் தருகிறார்கள். சர்ச் சன்னல்களில் இருக்குமே, நிறம் நிறமாக வெட்டி ஈயத்தால் ஒட்டிய கண்ணாடி, அந்த வேலை. ரிட்டயர் ஆன மனுஷன் நாலு வருஷமாக டிவிக்கு எதிரே உட்கார்ந்து சோபாவில் குழி விழுந்ததுதான் மிச்சம் என்று மகள் இரண்டு பேர் பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாள். முதல் ஞாயிறு சாதாரண சன்னல் கண்ணாடியில் நேர்க்கோடு, இரண்டாம் ஞாயிறு வளைவு, இன்றைக்கு நிஜமான வண்ணக் கண்ணாடி. ஓர் ஆவாரம்பூ செய்ய வேண்டும், மாடிப்படி சன்னலில் வைக்க. மஞ்சள் இதழ் ஐந்தும் அப்பாவுக்கு, பச்சை இலை மகளுக்கு. சொல்லித் தருகிற சம்யுக்தாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது, ஆனால் பேச்சில் ஹெட் நர்ஸ் தோற்றாள். "கட்டரை எண்ணெயில தொட்டுக்கோங்க சார். இந்த ஓரத்துல ஆரம்பிச்சா அந்த ஓரத்துலதான் முடிக்கணும். நடுவுல நிக்கக் கூடாது. போன கோட்டு மேல திரும்பப் போகவே கூடாது." கட்டர் என்பது பேனா கனத்தில் ஒரு பிடி, முனையில் கடுகு அளவு சக்கரம். அது கண்ணாடியை வெட்டாது, கீறத்தான் கீறும். கீறின கோட்டுக்கு இரண்டு பக்கமும் கட்டைவிரலை வைத்து மடக்கினால் கண்ணாடி அந்தக் கோட்டோடு பிளந்துகொள்ளும். நாச்சிமுத்து எழுந்து நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, முதல் இதழின் வளைவில் சக்கரத்தை ஓட்டினார். பட்டுத் துணி கிழிகிற மாதிரி சத்தம் வந்தது. "சூப்பர் சார், கை ஆடவே இல்ல பாருங்க," என்று சொல்லிவிட்டு சம்யுக்தா வினோதினியின் பக்கம் போய்விட்டாள். அந்தச் சின்னப் பெண் சொன்ன ஒரு வார்த்தைக்கு அவருக்கு எவ்வளவு சந்தோஷம்! கீறின துண்டை உடைக்காமல் ஓரமாக வைத்தார். முதலில் ஐந்தையும் கீறிவிடுவோம், உடைப்பதெல்லாம் ஒரே மூச்சில் அப்புறம். ஆஸ்பத்திரியிலும் அவர் அப்படித்தான். காலையில் வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் படத்தை எடுத்துவிட்டு, அப்புறம்தான் கழுவப் போவார். ஒழுங்கு என்றால் நாச்சிமுத்து என்று பேர். அந்தப் பேரை வைத்து என்ன செய்ய?

மூச்சைப் பிடித்திருந்தது அவருக்கே இப்போதுதான் உறைத்தது, மெதுவாக விட்டார். மூச்சை இழுங்க, பிடிங்க, ம், விடலாம். ஒரு நாளைக்கு அறுபது தடவை சொன்ன வார்த்தை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதே ராகத்தில் வரும். அதற்கடுத்து எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, என்னங்க தெரியுது? அதற்கு இவரிடம் ஒரே பதில்தான். டாக்டர் பாத்துச் சொல்லுவாங்க. படம் எடுக்கிறவன் படம் படிக்கக் கூடாது, படித்தாலும் வாயைத் திறக்கக் கூடாது, அது அந்த வேலையின் சட்டம். கண்ணுக்குத் தெரியாமலா இருக்கும்? லாரி டிரைவர் ஒருத்தர், கல்லுக்குண்டு மாதிரி ஆள், பல்லைக் குத்திக்கொண்டே கேட்டார், அவருடைய நெஞ்சில் பாதிக்கு மேல் வெள்ளை, டாக்டர் சொல்லுவாங்க என்றார் இவர். பிரசவத்துக்கு நாள் குறித்து வைத்திருந்த ஒருத்தியின் புருஷன், டாக்டர் சொல்லுவாங்க. முகத்தைத் துடைத்து வைத்துக்கொள்ளவும் பழகியிருந்தார். புருவம் ஏறக் கூடாது, உதடு இறங்கக் கூடாது, இரண்டாவது தடவை திரையைப் பார்க்கவே கூடாது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இரண்டாவது இதழ் கீறியாயிற்று. மூன்றாவதுக்கு எண்ணெயைத் தொட்டார். தெய்வானைக்கு மூன்று வாரமாக இருமல். ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் இல்லை, வா ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று அவரேதான் கூட்டிப்போனார். அந்த வருஷம்தான் புது மெஷின் வந்திருந்தது, படத்தைக் கழுவ வேண்டியதில்லை, மூன்றாம் விநாடி திரையில் வந்து நிற்கும். பழைய காலமாக இருந்திருந்தால் இருட்டறையில் தனியாக நின்று பார்த்திருப்பார், முகத்தைச் சரிசெய்துகொள்ள நேரம் கிடைத்திருக்கும். மூச்சை இழு, பிடி. திரையில் வந்துவிட்டது. வலது பக்கம், மேலே, விலா எலும்பு இரண்டுக்கும் நடுவில், புளியங்கொட்டை அளவு ஒரு வெள்ளைக் கட்டி. அவர் பார்த்துக்கொண்டே நின்றார். எத்தனை நேரம் நின்றாரோ, உள்ளேயிருந்து ஒரு திணறின குரல், "ஏனுங்க, மூச்ச உட்டுரட்டுங்களா?" அத்தனை நேரமும் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறாள். இவர் சொன்னால்தான் விடுவாள். விடு, விடு என்றார். வெளியே வந்து சேலையைச் சரிசெய்துகொண்டே அவளும் அதைத்தான் கேட்டாள். "என்னங்க தெரியுது?" அவரும் அதைத்தான் சொன்னார். "டாக்டரு பாத்துச் சொல்லுவாரு."

எந்த டாக்டர்? அங்கேதான் ஒவ்வொரு தடவையும் போய் முட்டிக்கொள்கிறார். எந்த டாக்டரிடமும் அவர் அதைக் கொண்டுபோகவில்லை. படத்தை உறைக்குள் போட்டார், உறையைச் சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார், திருடின மாதிரி. இரண்டு நாள் கழித்து, தோசை வார்த்துக்கொண்டே கேட்டாள், டாக்டர் என்னங்க சொன்னாரு. சளிதானாம் என்றார். அப்பாடா என்று அடுத்த தோசையை ஊற்றினாள். கல்யாணம் முடியட்டும் என்று நினைத்தார். முப்பத்தெட்டு நாள்தானே, என்ன ஆகிவிடப்போகிறது, பத்திரிகை அடித்தாகிவிட்டது, மண்டபம் சொல்லியாகிவிட்டது, மாப்பிள்ளை வீட்டில் ஒரு மாதிரி ஆட்கள், இந்த நேரத்தில் இதைச் சொன்னால் மகள் கழுத்தை நீட்டுவாளா? இந்தக் காரணத்தை ஒன்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி வழவழவென்று ஆக்கி வைத்திருக்கிறார். ஆனால் அது பொய். எக்ஸ்ரே அறைக்கு அடுத்த கதவுதான் ஸ்கேன் அறை. தெய்வானையிடம்கூடச் சொல்லாமல், மகளிடம் சொல்லாமல், டாக்டர் ஒருத்தரிடம் மட்டும் படத்தை நீட்டியிருக்கலாம். சளிக்கு இன்னொரு டெஸ்ட் என்று சொன்னால் அவள் கேள்வி கேட்காமல் வந்து படுத்திருப்பாள். கல்யாணம் பாட்டுக்குக் கல்யாணம் நடந்திருக்கும். கல்யாணம் எதையும் தடுக்கவில்லை. அவருக்குப் பயம். டாக்டர் பார்க்காத வரைக்கும் அது வெறும் படம், பார்த்துவிட்டால் அதற்கு ஒரு பேர் வந்துவிடும். எல்லோருடைய படத்தையும் படிக்கத் தெரிந்தவருக்கு இதை மட்டும் படிக்காமல் இருக்க வேண்டும்போல் இருந்தது. நாலாவது இதழைக் கீறும்போது சக்கரம் லேசாகத் தடுக்கியது, ஆனால் நிற்காமல் ஓட்டிவிட்டார்.

அந்த முப்பத்தெட்டு நாளும் அவள் என்ன செய்தாள்? சித்திரை வெயிலில் தாராபுரம் போனாள், காங்கயம் போனாள், உடுமலையில் ஒரே நாளில் பதினாலு வீடு ஏறி இறங்கினாள், வெற்றிலைத் தட்டும் பத்திரிகையுமாக. போன இடத்திலெல்லாம் இருமினாள். ரோட்டுப் புழுதி என்றார்கள் சொந்தக்காரர்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் இருமுவதை எண்ணிக்கொண்டு வந்தவர் இவர் ஒருத்தர்தான். திருப்பூர் பஸ்ஸ்டாண்டில் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார். ஐஸ் போடாமல் வாங்கினார்! அன்றைக்கு அவர் செய்த வைத்தியம் அவ்வளவுதான். இதை நினைத்தால் இப்போதும் உடம்பெல்லாம் கூசுகிறது. அப்புறம் அந்தப் பெரிய டாக்டர், புற்றுநோய் டாக்டர், இரண்டாவது படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார், கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம். கொஞ்சம் என்றால் எத்தனை நாள்? அதை ஏன் அன்றைக்குக் கேட்கவில்லை? எல்லோரிடமும் சொல்கிற பேச்சுதான் அது, கேஸ் பேப்பரில் எழுதுவதுபோலச் சொல்லிவிடுவார்கள், அவருக்குத் தெரியாதா? ஒருவேளை அந்தக் கொஞ்சம் இரண்டு வருஷமாக இருக்கலாம். அப்படி இருந்தால் நாச்சிமுத்துவின் மேல் குற்றம் இல்லை. ஒருவேளை முப்பத்தெட்டு நாளாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் நடுவில் போய் வந்து போய் வந்து ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. பதினாலு மாதம் இருந்தாள் அவள். பதினாலு மாதமும் பக்கத்தில் இருந்து மலம் அள்ளினார், கஞ்சி ஊட்டினார், முடி கொட்டின தலைக்கு எண்ணெய் தடவினார். ஒரு நாளாவது, தெய்வான, என்னை மன்னிச்சிரு, எனக்கு முன்னாலயே தெரியும் என்று வாய் வரவில்லையே. இன்றைக்குச் சொல்லலாம் நாளைக்குச் சொல்லலாம் என்றே அவளை அனுப்பிவைத்துவிட்டார்.

"எங்கப்பா மட்டும் ஆஸ்பத்திரியில இல்லீன்னா எங்கம்மா அந்தப் பதினாலு மாசமும் இருந்திருக்க மாட்டாங்க தெரியுங்களா," என்று வினோதினி சொல்வது காதில் விழுந்தது. பேச்சு எப்படி அங்கே போயிற்றென்று தெரியவில்லை. இலையின் ஓரத்தை எந்திரத்தில் தேய்த்துக்கொண்டிருந்த சம்யுக்தா, எந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். "எனக்குக் கல்யாணம் முடிஞ்சு மூணாவது நாளுங்க. வீடு பூராக் கூட்டம். யாருக்காவது தோணுமா? இவருதான், இந்த இருமல் சரியில்லன்னு கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டாரு. இவரே படம் எடுத்து, இவரே கண்டுபுடிச்சாரு. டாக்டருக்கும் முன்னால." சம்யுக்தா திரும்பி இவரைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது. இந்தக் கதையை மகள் சொல்லி எத்தனை தடவை கேட்டிருக்கிறார்! சம்பந்தி வீட்டில், துக்கம் கேட்க வந்தவர்களிடம், பேரனிடம்கூட. ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிந்துகொள்வார், தன்னடக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள். அவளுக்கு இருக்கிற ஒரே ஆறுதல் அது, அம்மாவுக்கு நம்மால் ஆனதெல்லாம் செய்தோம் என்பது. அதை எடுத்துவிட்டால் அவளுக்கு என்ன மிஞ்சும்? உனக்காகத்தான் கண்ணு மறைத்தேன் என்று சொன்னால் பழி அவள் தலையில் இறங்கும். எனக்குப் பயமாக இருந்தது என்று சொன்னால் அப்பனே இல்லாமல் போவான். தலைவலி என்று சொல்லி இப்போதே ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய் உறையை எடுத்துவிட்டால் என்ன? ஒரு தீக்குச்சி போதும். ஒரு தடவை தேதி இருக்கிற மூலையை மட்டும் வெட்டிவிடலாம் என்று கத்தரிக்கோலைக் கையில் எடுத்ததும் உண்டு. மூலையில் தெய்வானையின் பெயரும் இருந்தது. பெயரை வெட்ட மனசு வரவில்லை, கத்தரிக்கோலை வைத்துவிட்டார். ஐந்தாவது இதழும் கீறி முடித்தாயிற்று. இனி உடைக்க வேண்டியதுதான்.

முதல் இதழை எடுத்து, கோட்டின் இரு பக்கமும் விரலை வைத்து மடக்கினார். டப்பென்று உடைந்தது, ஆனால் கோட்டில் இல்லை. பாதிவரை வளைவோடு வந்த விரிசல் சட்டென்று விலகி இதழின் குறுக்கே ஓடிவிட்டது. விரலை வைத்த இடம் தப்பு என்று நினைத்தார். இரண்டாவது, அதுவும் குறுக்கே. மூன்றாவது, மூன்று துண்டு. சத்தம் கேட்டு சம்யுக்தா வந்தாள், மிச்சமிருந்த இரண்டையும் பார்த்தாள், கண்ணாடியைத் தடவினாள். "சார், இதெல்லாம் எப்பக் கீறினீங்க?" "அப்பவே அம்மிணி. அஞ்சையும் கீறி வச்சுட்டு ஒண்ணா உடைக்கலாம்னுட்டு." அவள் சிரித்துவிட்டாள். "இந்தத் தப்பை நான் யார்கிட்டயும் பாத்ததில்ல சார். எல்லாரும் கீறுறதுக்கு முன்னாடியே உடைக்கத்தான் பறப்பாங்க. கீறினா உடனே உடைச்சிரணும். வச்சிருந்தா கீறல் ஆறிப்போயிரும். கோடு என்னவோ பளிச்சுன்னுதான் தெரியும், ஆனா கண்ணாடி அந்தக் கோட்டைக் கேக்காது, அது இஷ்டத்துக்குப் போகும். பரவால்ல, மஞ்சள்ல இன்னொரு துண்டு கீழ இருக்கு, எடுத்துட்டு வர்றேன்." அவள் படி இறங்கிப் போனாள். நாச்சிமுத்து உடைந்த இதழைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வினோதினி பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "கையில வெட்டிருச்சுங்களாப்பா?" என்று அவர் விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இல்ல கண்ணு," என்றார். அப்புறம், விரலை அவள் கையிலிருந்து எடுக்காமலே, "உங்கம்மாளுக்கு முதப் படம் நான் கல்யாணத்துக்கு அப்புறம் எடுக்கல," என்றார்.

"அப்புறம்?"

"முன்னாலயே எடுத்தேன். முப்பத்தெட்டு நாளைக்கு முன்னால. எனக்கு அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு."

அவள் விரலை விட்டுவிட்டாள். கோபமாக விடவில்லை, மறந்து விட்ட மாதிரி விட்டாள். கீழே அலமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. கல்யாணத்துக்காகவா என்று கேட்பாள், அப்படிக் கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடக் கூடாது என்று அவர் மனசுக்குள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் அதைக் கேட்கவில்லை.

"பீரோவுல இருக்குதா அது?"

"இருக்குது."

"மத்தியானம் நான் பீரோவ ஒழிக்கறேன்னு சொன்னதுனாலதானுங்களே இப்பச் சொல்றீங்க?"

பொய் சொல்ல ஒரு விநாடி இருந்தது. "ஆமா கண்ணு," என்றார். "இல்லீன்னா சொல்லியிருக்க மாட்டேன். எனக்குப் பயம். அன்னிக்கும் பயந்தான், வேற ஒண்ணுமில்ல. கல்யாணத்துக்காகன்னு நீ நெனைக்கக் கூடாது. உங்கம்மா என்ன தெரியுதுன்னு கேட்டா. டாக்டரு சொல்லுவாருன்னுட்டேன்."

வினோதினி அழவில்லை. மேஜைமேல் போன வாரத்துச் சாதாரணக் கண்ணாடித் துண்டு ஒன்று கிடந்தது, உள்ளங்கை அகலம். அதை அவர் பக்கம் தள்ளினாள், மார்க்கர் பேனாவையும் தள்ளினாள். "போட்டுக் காட்டுங்க," என்றாள். "எனக்குப் பாக்கோணும்." அவர் வரைந்தார். முதலில் இரண்டு நுரையீரல், அப்புறம் விலா எலும்பு, ஒவ்வொன்றாக, அளவு பிசகாமல். அந்தக் கைக்கு இதுதான் தெரியும். "நீ பாக்கறப்ப இடது பக்கம். அம்மாளுக்கு வலது," என்று சொல்லிவிட்டு, மேலே இரண்டு விலாவுக்கு நடுவில் அதை ஒரு பொட்டாக வைத்தார். வினோதினி கண்ணாடியை எடுத்துச் சன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள்.

"இவ்வளவு சின்னதா இருந்தப்பவாப்பா பாத்தீங்க?" என்றாள்.

"அவ்வளவுதான் கண்ணு இருந்துச்சு."

அவள் தன் கட்டைவிரலை அதன்மேல் வைத்தாள். விரலுக்கு அடியில் அது முழுசாக மறைந்துபோயிற்று. சம்யுக்தா புது மஞ்சள் கண்ணாடியோடு படியேறி வந்து, அவர்களைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள். அப்போதும் வினோதினி விரலை எடுக்கவில்லை.